தெற்கே சாய்ந்த பாசி

மயிலாப்பூரில் ஒரு பெண் வீட்டை விட்டு ஓடினால், அவள் லஸ் முனையைத் தாண்டுவதற்குள் செய்தி அடையாறு போய்ச் சேர்ந்துவிடும். அப்பேர்ப்பட்ட ஊரில், வக்கீல் கல்யாணராமனின் மனைவி ஜெயலக்ஷ்மி ஓடிப்போனதை ஒரு ஜீவனும் பார்க்கவில்லை. ஜட்காக்காரன் பார்க்கவில்லை. பூக்காரி பார்க்கவில்லை. கோயில் வாசலில் நாள் பூராவும் வாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பண்டாரம்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் கோயிலுக்கென்று கிளம்பினாள், எவனோடோ போய்விட்டாள் என்று சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவர் புருஷன், இன்னொருவர் மாமியார்.

புருஷன் வக்கீல் என்பதால் போலீஸ் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. பெண்ணைப் பெற்றவர் அப்படி எடுத்துக்கொள்ள முடியாமல் சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் மாடியறைக்கு ஏறி வந்தார்.

எங்கள் என்றால் துப்பறியும் கங்காதரனும் அவருக்குக் கையாளாக இருக்கும் நானும். என் பெயர் லாசர். ஊர் நொச்சிக்குப்பம். மீன் பிடிக்கப் பிறந்தவன், கட்டுமரம் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடுகிறது என்பதால் ஆள் பிடிக்க வந்துவிட்டேன். கங்காதரன் பேசினால் நாக்குத் தேய்ந்துவிடும் என்று நினைக்கிற மனிதர். அவருக்கும் சேர்த்து நான்தான் பேசுகிறேன்.

வந்தவர் பெயர் சுப்பராமன். தியாகராய நகரில் புதிதாகக் கட்டிய சின்ன வீடு. பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். அங்கவஸ்திரத்தின் நுனியைத் திருகிக்கொண்டே பேசினார்.

"எனக்கு யார் மேலயும் கேஸ் போட வேண்டாம். என் பொண்ணு உசிரோட இருக்காளா, இல்லையா? அதை மட்டும் தெரிஞ்சு சொல்லுங்கோ. மூணு வாரமா அவ அம்மா சரியாச் சாப்பிடறதில்லை. ராத்திரி எழுந்து வாசக்கதவைத் திறந்து வச்சுட்டு உக்காந்துடறா."

"ஓடிப்போறவ எதையாவது எடுத்துக்கிட்டுப் போவா. எதை விட்டுட்டுப் போகமாட்டா?" என்று கேட்டார் கங்காதரன்.

வாத்தியார் யோசிக்கவே இல்லை. "அந்தத் தொட்டியை."

கல்யாணத்துக்கு அவர் கொடுத்த சீரில் ஒரு மீன் தொட்டியும் உண்டாம். மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் தகரம். ஊரார் வெள்ளிப் பாத்திரம் கொடுப்பார்கள், இவர் பாசி கொடுத்திருக்கிறார். மாம்பலம் ஏரியைத் தூர்த்தபோது மிச்சம் நின்ற குட்டையிலிருந்து அப்பனும் மகளும் முழங்கால் சேற்றில் இறங்கி எடுத்து வந்த வேலம்பாசி.

"மீனுக்காக இல்லை சார், செடிக்காகத்தான் அவ வச்சிண்டிருந்தா. செடிக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. ஜாஸ்தி ஆனா கண்ணாடி பூரா பச்சையாப் படிஞ்சு மூடிடும். கம்மி ஆனா வெளுத்து, நூலாட்டமா நீண்டு, எங்க துளி வெளிச்சம் வரதோ அந்தப் பக்கம் சாயும். ஒரே இருட்டுன்னா அழுகிப் போயிடும், தண்ணி கெட்டு மீனும் மூச்சு முட்டிச் சாகும். அதனாலதான் காலம்பற வெயில் படட்டும்னு கிழக்கு ஜன்னலண்டை நானே வச்சுக் கொடுத்தேன். மழை நாள்ல மேலே ஒரு எலக்ட்ரிக் பல்பு போட்டுப்பா. அளவு தெரிஞ்சவ."

அந்த அளவு தெரிஞ்சவ என்கிற வார்த்தையில் அங்கவஸ்திரத்தின் நுனி அவர் கண்ணுக்குப் போயிற்று. நான் ஜன்னல் வழியே கூவத்தைப் பார்த்தேன். கூவத்தைப் பார்க்கிறவன் மூக்கைத் துடைத்தால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

"உங்க சீர் சாமானைத் திருப்பிக் கேளுங்க சார்," என்றார் கங்காதரன். "எடுத்து வர நாங்க போறோம்."

மறுநாள் நடுப்பகலில் வக்கீல் வீட்டு வாசலில் நின்றோம். கல்யாணராமன் கோர்ட்டுக்குப் போயிருந்தான். அவனுடைய தாயார்தான் கதவைத் திறந்தாள். நெற்றியில் விபூதி, காதில் வைரத்தோடு, வாயில் வரவேற்பு மட்டும் இல்லை.

"எடுத்துண்டு போகட்டும். அவ சாமான் ஒரு துரும்பு இந்தாத்துல இருக்கப்படாது," என்றவள் என்னைப் பார்த்தாள். "இவன் யாரு?"

"தூக்கறதுக்கு ஆள் அம்மா. நொச்சிக்குப்பம்," என்றார் கங்காதரன்.

"வாசல் வழியா வேண்டாம். கொல்லை வழியா வரச் சொல்லுங்கோ. மாடிக்கு அந்தண்டை ஒரு படி இருக்கு."

குப்பத்தான் மேல் மீன் நாற்றம் அடிக்கும் என்பது மயிலாப்பூர் தீர்ப்பு. அதற்கு அப்பீல் கிடையாது. எனக்கு ரத்தம் கொதித்தது, ஆனால் கொல்லை வழியாகப் போனதில் ஒரு லாபம் இருந்தது. அங்கே ஒரு பழைய கிணறு. விளிம்புவரை செங்கல் கப்பியும் புதுமண்ணும் போட்டு மூடி, மேலே ஒரு முருங்கைக் கிளையைப் போத்தாக நட்டிருந்தார்கள். போத்து துளிர்க்கவில்லை.

"இன்னாம்மா, கெணத்த தூத்துட்டீங்களா?" என்று, கங்காதரனோடு கொல்லைப் படிக்கு வந்த அவளைக் கேட்டு வைத்தேன்.

"பாழுங்கிணறு. குழந்தேள் விழுந்துடப் போறதேன்னு மூடினோம்."

அந்த வீட்டில் குழந்தையே கிடையாது. கங்காதரன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவர் கால் ஒரு படியில் நின்று பிறகு ஏறியது.

"அவ போன அன்னிக்கே பூட்டினது இந்த உள்ளு. அதுக்கப்புறம் ஒருத்தரும் திறக்கலை," என்று சொல்லிக்கொண்டே மாமியார் மாடியறையின் பூட்டைத் திறந்தாள். மூன்று வாரமாகத் திறக்காத பூட்டு கொஞ்சமாவது முரண்டு பிடிக்கும். இது வெண்ணெயாகத் திறந்தது.

உள்ளே கும்மிருட்டு. ஜன்னல் கதவை அடைத்ததோடு விடாமல் உட்பக்கம் ஒரு கம்பளியைச் சுற்றிலும் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள்.

"ஆடிக் காத்து," என்றாள் அவள், கேட்காமலே.

"அட, காத்துக்குக்கூடக் குளிருமா அம்மா?" என்றேன்.

கங்காதரன் கம்பளியின் ஒரு ஓரத்தைப் பிடுங்கி, ஜன்னல் கதவில் ஒன்றைத் திறந்தார். வெளிச்சம் வந்ததும் நான் தொட்டியை நோக்கி நேராக நடந்தேன். நடு அறையில் சாமான் ஒன்றும் இல்லை, நடக்கத் தோதான வழி.

"அங்க மிதிக்காதே!"

கத்தல் அவளிடமிருந்துதான். சுவரோடு ஒட்டி, சுற்றிக்கொண்டு வந்து நின்றிருந்தாள். முகம் வெளிறிவிட்டது.

"ஈரமா இருக்கு. வழுக்கும்," என்றாள் உடனே.

நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன். சிவப்புச் சிமெண்டுத் தரை சொட்டு ஈரமில்லாமல் உலர்ந்து கிடந்தது.

தொட்டி ஜன்னலருகில், ஒரு குட்டை முக்காலிமேல் இருந்தது. மேலே பல்பு மாட்டும் இடம் காலி. வீண் கரண்டு என்று அன்றைக்கே கழற்றிவிட்டார்களாம். தண்ணீர் கலங்கி நாறியது. ஒரு கெண்டைக் குஞ்சு செத்து மிதந்தது. இன்னொன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்து வண்டலும் அழுகல் இலையும் அடியில். யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

"சுத்தம் பண்ணலாமே அம்மா?"

"மீன் கிடக்கிற தண்ணியை நாங்க தொடுவோமா? கேக்கறான் பாரு கேள்வி."

உண்மைதான். அறையில் மற்றதெல்லாம் பளிச்சென்று இருந்தது. தரை அலம்பி, அலமாரி துடைத்து, ஒரு தலைமுடி இல்லாமல் பெருக்கியிருந்தார்கள். மீன் தொட்டி ஒன்றுதான் ஆசாரத்தால் தப்பித்தது.

கங்காதரன் முழங்காலிட்டு அந்தத் தொட்டியைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பாசி சாகவில்லை. ஆனால் உயிரோடு இருந்தது என்றும் சொல்ல மனம் வராது. பச்சை போய், நோயாளியின் விரல் மாதிரி வெளுத்து, ஒவ்வொரு கொடியும் நீள நீளமாக வளர்ந்திருந்தது. புதுத் தளிர்கள் ஒன்று பாக்கியில்லாமல் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஜன்னல் பக்கம் இல்லை. ஜன்னலைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கத்துச் சுவரை நோக்கி, தரையைத் தேடிக்கொண்டு.

கங்காதரன் அந்தச் சுவரண்டை போய்க் குத்துக்காலிட்டார். தரையோரமாக ஒரு கையகலத்துக்குப் புதுச் சுண்ணாம்பு. அவர் மூக்கைத் தரைக்குக் கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு எழுந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"உங்க மருமக ஒருநாள் திரும்பி வந்தா என்ன செய்வீங்க அம்மா?"

"வரமாட்டா," என்றாள் அவள்.

வந்தால் சேர்க்கமாட்டோம் என்று சொல்லியிருந்தால் அது மாமியார் பேச்சு. இது வேறு பேச்சு.

பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, மணலும் பாசியும் அசையாமல் தொட்டியை அப்படியே தூக்கினோம். ஜட்காவில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, இருவர் மடியிலும் வைத்துக்கொண்டோம். ஜட்காக்காரன் எங்களைப் பைத்தியங்கள் என்று தீர்மானித்துக் குதிரையை மெதுவாக விட்டான். என்னால் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை.

"அண்ணாத்தே, அந்தப் பொண்ணு உசுரோட கீது! உள்ள யாரோ வெளக்கு வச்சிக்கினு இருந்துகீறாங்க. இல்லாங்காட்டி இந்தப் பாசி இன்னேரம் கூழாயிருக்கும். வெளிச்சம் தெருவுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் கம்பளி. பூட்டி வச்சிருந்துட்டு, நாம வர்றோம்னு தெரிஞ்சதும் வேற எடத்துக்கு மாத்திட்டாங்கோ. இன்னா சொல்றே?"

"கம்பளி சரி. விளக்கு சரி," என்றார் கங்காதரன். "அவ உள்ள இருந்திருந்தா செத்த மீனை எடுத்துப் போட்டிருக்கமாட்டாளா? அழுகின இலையைக் கிள்ளியிருக்கமாட்டாளா? விளக்கைக் கொஞ்சம் தொட்டிகிட்ட நகர்த்தியிருக்கமாட்டாளா?"

நான் குனிந்து தொட்டிக்குள் பார்த்தேன். செத்த கெண்டைக் குஞ்சு இன்னும் மிதந்துகொண்டிருந்தது.

"அந்த உள்ளில விளக்கு இருந்தது, லாசர். ஆள் இல்லை."

"ஆள் இல்லாத ரூமுக்கு வெளக்கு எதுக்கு?"

"அதுவும் ஒரு வேளை ரெண்டு வேளை ஏத்தின விளக்கு இல்லை. ராப்பகலா, ஒரே இடத்துல எரிஞ்சிருக்கு. அதனாலதான் ஒரு தளிர் பாக்கியில்லாம அந்தப் பக்கம் திரும்பியிருக்கு. தரைமேல வச்ச எண்ணெய் விளக்கு. நல்லெண்ணெய் வாசனை இன்னும் போகலை. கரி படிஞ்ச இடத்துல சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க. அது எந்தச் சுவர்?"

"ஜன்னலுக்கு வலப்பக்கம். கெழக்கு ஜன்னல்னா... தெக்கு. தெக்கா இருந்தா இன்னா?"

கங்காதரன் தொட்டிக்குள் பார்த்தபடி சொன்னார். "எங்க ஜனங்க யாரும் வீட்டுல தெற்குப் பார்த்து விளக்கு ஏத்தமாட்டாங்க. நாலு திசையில அது ஒண்ணு ஆகாது, எமன் திசை. ஒரே ஒரு சமயம்தான் ஏத்துவாங்க. செத்தவங்க கிடந்த இடத்துல, தலைமாட்டுல. காரியம் முடியற வரைக்கும் அணையாமப் பாத்துக்குவாங்க. அந்த இடத்தை மிதிக்கவும் மாட்டாங்க."

எங்கள் குப்பத்திலும் தலைமாட்டில் மெழுகுவத்தி வைப்போம். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். ஜட்கா குலுங்கியதில் பாசி ஒரு தரம் ஆடிவிட்டு மறுபடியும் சாய்ந்தபடியே நின்றது.

"கொன்னுட்டு அவங்களே வெளக்கும் வப்பாங்களா?"

"கொல்லப் பயமில்லை. போலீசுக்குப் பொய் சொல்லப் பயமில்லை. விளக்கு வைக்காம விட்டா செத்தவ வீட்டையே சுத்துவாள்னு பயம். கை வச்சது மகனா, தாயா, ரெண்டு பேருமா என்பதை இன்ஸ்பெக்டர் கேட்டுக்கட்டும். விளக்கு வச்சது அந்த மாமியார்தான்."

அந்தக் கொல்லைக் கிணறு நினைவுக்கு வந்தது. சொன்னேன். அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் போலும். ராயப்பேட்டை ஸ்டேஷனில் ஜட்காவை நிறுத்தி உள்ளே போனார். இன்ஸ்பெக்டர் ஹபீபுர் ரஹ்மான் அவருக்குத் தெரிந்தவர், வக்கீல் என்ற சொல்லுக்கு நடுங்காதவர். நான் தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கடப்பாறையும் மண்வெட்டியுமாகக் கான்ஸ்டேபிள்கள் மயிலாப்பூர்ப் பக்கம் கிளம்பிப் போனார்கள்.

தேனாம்பேட்டை தாண்டியதும் நான்தான் கேட்டேன்.

"வாத்தியார் கையில எப்படிச் சொல்றது அண்ணாத்தே?"

"தொட்டியை இறக்கி வச்சுட்டு நான் சொல்றேன். நீ வாயைத் திறக்காதே."

வாயைத் திறக்காதே என்று அவர் சொல்லாத நாளே கிடையாது. அன்றைக்கு ஒருநாள்தான் எனக்கு அது உதவியாக இருந்தது.

சுப்பராமன் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே சமையலறை நிலைப்படியில் அவர் மனைவி. கைகால்கள் குச்சியாகிப் போயிருந்த ஒரு அம்மாள். வாத்தியார் எங்களுக்குக் காட்டியிருந்த போட்டோவில் மகளுக்கு இருந்த அதே முகம். தொட்டியைக் கூடத்தில் இறக்கியதுதான் தாமதம், வாத்தியார் அதன்முன் உட்கார்ந்துவிட்டார்.

"சார், முதல்ல நான் சொல்றதை..." என்று ஆரம்பித்தார் கங்காதரன்.

"இருங்கோ, இருங்கோ." மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. "ரூம் பூட்டியே கிடந்ததுன்னு தானே சொன்னா? பச்சைப் பொய். முழு இருட்டுல இது இப்படி நிக்காது. வெளிச்சம் இருந்திருக்கு! கொஞ்சூண்டு வெளிச்சம்தான், செடிக்குப் போறலை, அதான் வெளுத்துடுத்து. ஆனா இருந்திருக்கு!" திரும்பி மனைவியைப் பார்த்துக் கூவினார். "கேட்டியா? உள்ளே யாரோ விளக்கு வச்சிண்டிருந்திருக்கா! குழந்தை அங்கதான் இருந்திருக்கா!"

அந்த அம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வாரமாக வாசக்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தவள் முகத்தில் அப்போது வந்ததை நான் பார்த்திருக்கக் கூடாது.

"சார்," என்றார் கங்காதரன் மறுபடியும்.

வாத்தியார் காதில் விழவில்லை. வகுப்பில் பையன்களுக்குச் சொல்கிறவர்போல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தொட்டியை மெல்லத் திருப்பினார்.

"எந்தப் பக்கம் உக்காந்துண்டிருந்தாள்னு பார்த்துடலாம். தகரம் மேற்கே. நான் வச்சபடி. ஜன்னல் இந்தண்டை, கிழக்கே. கிழக்கே ஒண்ணும் சாயலை, அடைச்சுட்டா போலருக்கு. எல்லாம் இப்படி..."

பாசி சாய்ந்த வழியே அவர் கை போயிற்று. கை நீண்டு, அவர் கூடத்துச் சுவரைக் காட்டிக்கொண்டு நின்றது. சுவரைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மறுபடியும் சுவரை. அவருடைய வீடு, அவருடைய சுவர், அது எந்தத் திசை என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கையை அவர் உடனே இறக்கவில்லை.

"விளக்கைத் தரையிலயா வச்சிருந்தா?" என்று கங்காதரனைக் கேட்டார். குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

"ஆமாம் சார்."

"ஓ."

கங்காதரன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கொல்லைக் கிணற்றையும் இன்ஸ்பெக்டரையும் பற்றித் தணிந்த குரலில் சொன்னார். வாத்தியார் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பாடம் புரிந்துவிட்ட மாணவன் ஆட்டுவதுபோல. நான் சுவரில் சாய்ந்து நின்றேன். தெற்குச் சுவர் என்பது நினைவு வந்து நகர்ந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்தது, யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதேன்.

நிலைப்படியிலிருந்து அந்த அம்மாளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. "என்ன சொல்றார்? எங்க இருக்காளாம்? எப்போ அழைச்சிண்டு வரலாமாம்?" என்று கேட்டாள். அவள் கேட்ட விதத்தில் பசிகூடத் தெரிந்தது. இன்றைக்குச் சாப்பிட்டிருப்பாள்.

சுப்பராமன் எழுந்தார். பூணூலைச் சரிசெய்துகொண்டு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் கொல்லைக்கதவைப் பார்த்தபடி சொன்னார்.

"தவலையில ஜலம் எடுத்து வை. ரெண்டு பேரும் தலைக்கு ஸ்நானம் பண்ணணும்."

"நான்தான் காலம்பறயே குளிச்சாச்சே," என்றாள் அந்த அம்மாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.